வழியனுப்ப வந்தவர்களுக்கு இடமில்லை

நெடுஞ்சாலை, சூப்பர் மார்க்கெட், ஓட்டல் அறை, விமான நிலையம். இவையெல்லாம் உண்மையில் இடங்களே அல்ல என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்க் ஓஜே 1992-இல் ஒரு சிறிய புத்தகம் எழுதினார். ஓர் இடம் என்றால் அங்கே உறவு இருக்கவேண்டும், வரலாறு இருக்கவேண்டும், நான் இன்னார் என்ற அடையாளம் இருக்கவேண்டும். நம் கணக்கில் சொன்னால் கோயில் வாசல், சந்தை, ஊர்ச் சாவடி. விமான நிலையத்தில் இவை கிடையாதாம். தனி ஆள் ஒருவன் டிக்கெட்டைக் காட்டி நுழைகிறான், பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்கிறான், யாரோடும் பேசாமல் பறந்துபோகிறான். ஆகவே அது 'இடமில்லா இடம்'.

முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுகிறார்கள், கருத்தரங்கு நடத்துகிறார்கள். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகி, கையில் காபியோடு உட்கார நேர்ந்த எந்தப் பத்தி எழுத்தாளரும் ஓஜேயை இழுக்காமல் விடுவதில்லை. ஓஜே கெட்டிக்காரர். சுத்தமான இடமும் சுத்தமான இடமின்மையும் எங்கும் கிடையாது என்று அதே புத்தகத்தில் ஓர் எச்சரிக்கையும் எழுதிவைத்தார். மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

புத்தகம் ஒரு கற்பனை மனிதரோடு தொடங்குகிறது. பெயர் பியர் துப்போன். பாரிஸ் விமான நிலையத்துக்குத் தன் காரில் வருகிறார். காரை நிறுத்திவிட்டு, பெட்டியைக் கொடுத்துவிட்டு, கடைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு விமானம் ஏறுகிறார். நான் கேட்பது ஒன்றுதான். துப்போனை வழியனுப்ப எத்தனை பேர் வந்தார்கள்? ஒருவரும் வரவில்லை. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட ஆளே தனி ஆள் என்றால், முடிவும் தனிமை என்றுதானே வரும்?

இதையெல்லாம் கேட்க எனக்கு என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். பட்டம் எதுவும் இல்லை. சரக்கு க்ளியரிங் கம்பெனி ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து, 26 ஆண்டுகள் தமிழ்நாட்டு விமான நிலையம் ஒன்றின் சரக்கு வளாகத்தில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். பயணிகள் கட்டடத்துக்கும் சரக்கு வளாகத்துக்கும் நடுவே நான் நடந்த தூரத்தைக் கூட்டினால் காசிக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். அந்த நடையில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

பலகைகளைப் பற்றி ஓஜே சொல்வதை முதலில் எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட இடங்களில் மனிதனிடம் மனிதன் பேசுவதில்லை, எழுத்து பேசுகிறது என்கிறார். 'இங்கே வரிசையில் நிற்கவும்', 'பாஸ்போர்ட்டைத் தயாராக வைத்திருக்கவும்'. சரி. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? பக்கத்து ஆளைக் கேட்பான். நம் நாட்டை விட்டுப் புறப்படுகிறவர்கள் முன்பெல்லாம் குடியேற்றப் பிரிவில் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டும். 2017 ஜூலையில்தான் அதை எடுத்தார்கள். அதுவரை வளைகுடா விமானம் புறப்படும் இரவுகளில், சட்டைப்பையில் பேனா வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அவர் முன்னால் ஒரு வரிசை நிற்கும். "அண்ணே, இதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்கண்ணே." பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துப் பெயரை எழுதும்போதே ஊர் தெரிந்துவிடும். "அட, மணமேல்குடியா நீங்க? எங்க சித்தி வீடு அங்கதான்." பிறகு விமானத்தில் பக்கத்து சீட், இறங்கியதும் ஒரே வரிசை, அறை கிடைக்கும்வரை சாப்பாட்டில் பங்கு. ஒரு சீட்டில் தொடங்கி இருபது வருடம் நீடித்த நட்புகள் எனக்குத் தெரியும். சம்பந்தம் வரை போனதும் ஒன்று உண்டு. துப்போனுக்கு எழுத்து தெரியும். அதனால் அவருக்கு யாரும் தேவைப்படவில்லை.

அடையாளம் இல்லாத இடம் என்பதும் அப்படித்தான். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா முதலான 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகவேண்டுமானால் அரசின் அனுமதி வேண்டும். அவருடைய பாஸ்போர்ட்டிலேயே அதற்கு ஒரு குறிப்பு இருக்கும். ஏமாற்றுகிற ஏஜென்டுகளிடமிருந்து காப்பாற்றவே இந்த ஏற்பாடு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கவுண்டரில் அந்தப் பாஸ்போர்ட் திறந்த நொடியில் எதிரில் இருப்பவரின் குரல் மாறுவதைக் காதால் கேட்டிருக்கிறேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு 'சார்', அவருக்குப் பின்னால் நின்ற கொத்தனாருக்கு 'நீ'. படிப்பு என்ன, கூலி என்ன, எந்த மாவட்டம் என்பதெல்லாம் இவ்வளவு வேகமாகக் கணக்கிடப்படும் வேறொரு இடத்தை நான் பார்த்ததில்லை. அடையாளம் இல்லையாம்!

உள்ளே நடப்பது இவ்வளவு. வெளியே நடப்பது இதைவிடப் பெரிது.

திருச்சி விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுக்குப் போகிறவர்களைவிட வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் அதிகமாக உள்ள நிலையம் அது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஷார்ஜா. புதுக்கோட்டை, தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கமிருந்து வேன்களில் வந்து இறங்குவார்கள். போகிறவர் ஒருவர், அனுப்ப வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, பெயரையும் போன் நம்பரையும் மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். உள்ளே முறுக்கு, பருப்புப்பொடி, கருவாடு, யாரோ யாருக்கோ கொடுத்தனுப்பிய ஊறுகாய்.

விமானம் விடியற்காலையில் என்றாலும் கூட்டம் முந்தின மாலையே வந்துவிடும். காரணம் தெரியாதவர்கள் 'பட்டிக்காட்டு ஜனம்' என்று சிரிப்பார்கள். காரணம் மிக எளிது. ராகு காலம், எமகண்டம் பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்பியாகவேண்டும். சிலர் நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் எதிர்வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், புறப்பட்டதாகக் கணக்கு. திண்ணை இல்லாத வீதிக்காரர்கள் என்ன செய்வார்கள்? எட்டு மணி நேரம் முன்னதாகவே வேன் எடுத்துவிடுவார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறிய நேரம்தான் பயணம் தொடங்கிய நேரம். விமானக் கம்பெனி அச்சடித்த நேரம் அதற்கப்புறம்தான்.

அந்த எட்டு மணி நேரம் எப்படிப் போகிறது என்று யாராவது பார்த்து எழுதினால் அது உண்மையான ஆய்வு. முதலில் புளிசாதப் பொட்டலம் பிரியும். பிறகு கடன் கணக்கு பேசுவார்கள், ஏஜென்டுக்குக் கொடுத்தது எவ்வளவு, நகை யாருடையது, எந்த மாதம் மீட்பது. மாமனும் மச்சானும் மூன்று வருடமாகப் பேசாமல் இருந்து, இந்த வாசலில்தான் மறுபடி பேசிக்கொள்வார்கள். கீழக்கரைப் பிள்ளை ஒன்றை அதன் உம்மா தோளில் தூக்கி, "வாப்பாவுக்குக் கை காட்டு" என்று கண்ணாடிப் பக்கம் திருப்புவாள். வாப்பா ஏற்கெனவே உள்ளே மறைந்திருப்பார். பிள்ளை வேறு யாருக்கோ கை காட்டும், அந்த வேறு யாரோவும் திருப்பிக் கை காட்டிவிட்டுப் போவார். கவனித்துப் பாருங்கள், அந்த வாசலில் ஒருவர் வாயிலிருந்தும் 'போறேன்' என்ற சொல் வராது. 'போயிட்டு வர்றேன்' மட்டும்தான்.

குருவிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பர்மா பஜார்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் வியாபாரிகளுக்காகச் சாமான் சுமந்து பறந்து திரும்புகிறவர்களுக்கு மக்கள் வைத்த பெயர் குருவி. போகும்போது புடவை, வரும்போது எலெக்ட்ரானிக் சாமான், கோடாலித் தைலம். சட்டத்தின் ஓரத்தில் நடக்கிற பிழைப்பு, நான் ஆதரித்துப் பேசவில்லை. ஆனால் ஒரு புதிய தொழிலையும் அதற்கு இவ்வளவு பொருத்தமான ஒரு சொல்லையும் உண்டாக்கிய ஓர் இடத்தைப் பார்த்து 'இங்கே பண்பாடு இல்லை' என்று எந்த வாயால் சொல்வது?

இத்தனையும் கண்ணாடிக்கு வெளியே நடக்கின்றன என்பதுதான் என் வழக்கு. நான் சிறுவனாக இருந்தபோது மீனம்பாக்கத்தில் பார்வையாளர் மாடம் உண்டு. சில்லறைக் காசு கொடுத்து ஏறினால் விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக அழைத்துப்போவார்கள். வழியனுப்ப வந்தவர்கள் படிக்கட்டில் ஏறும் தங்கள் ஆளைக் கடைசி நொடிவரை பார்க்கலாம். இன்று பயணச்சீட்டும் அடையாள அட்டையும் இல்லாதவர்கள் கட்டட வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள்.

"பாதுகாப்பு சார், பாதுகாப்பு" என்பார்கள். தெரியும். 1984 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததை இந்த ஊரில் என் வயதுக்காரர் யாரும் மறக்கமாட்டார்கள். 1999 டிசம்பரில் காந்தஹார் விமானக் கடத்தல். அதன் பிறகு 2000 முதல் ஒவ்வொரு நிலையமாக மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தது. அந்தப் படையினர் இரவெல்லாம் நின்றுகொண்டே செய்யும் வேலையை அருகிலிருந்து பார்த்தவன் நான், மரியாதை உண்டு. ஆனால் கேள்வி வேறு. சிங்கப்பூர் சாங்கியிலும் லண்டன் ஹீத்ரோவிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் புறப்பாட்டுக் கூடம் வரை யார் வேண்டுமானாலும் போகலாம். சோதனை அதற்கு அப்பால்தான். சாங்கியில் ஏ.சி.யும் மேசையும் இருக்கிறதென்று தேர்வுக் காலத்தில் மாணவர்கள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்த நாடுகளுக்குப் பாதுகாப்பு தெரியாதா? கதவுக்கு உள்ளே இருந்த கூட்டத்தை வெளியே தள்ளினால் கூட்டம் கரைந்துவிடுவதில்லை. நடைபாதையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. அது எந்த வகையில் பாதுகாப்பு என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு பக்கம், நம் நிலையங்களில் பண்பாட்டுக்குக் குறைவே இல்லை, சுவரில். 2023 ஏப்ரலில் சென்னையில் திறந்த புதிய முனையத்தில் கோலமும் புடவையும் கோயில் கட்டடக்கலையும் அலங்காரமாக வந்தன. 2024 ஜனவரியில் திறந்த திருச்சி முனையத்தில் கோபுர வடிவமும் ஓவியங்களும். நன்றாகத்தான் இருக்கின்றன, என் பேரன் போட்டோ எடுத்து அனுப்பினான். ஆனால் அந்தக் கோலத்தைத் தினமும் போடுகிற கிழவி, பேரனை அனுப்பிவிட்டுத் தூணில் சாய்ந்து வெளியே உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய கோலத்துக்கு உள்ளே ஏ.சி., அவளுக்கு இல்லை. பண்பாடு என்றால் ஓவியம், சிற்பம், பொம்மை என்று நினைக்கிறவர்கள் போட்ட திட்டம் இது.

மொழி என்று வந்தாலும் இதே கதைதான். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சொன்ன நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியிடம், நீங்கள் இந்தியரா என்று ஒரு பாதுகாப்பு அலுவலர் கேட்டதாக அவரே வெளியிட்டார். விசாரணைக்கு உத்தரவாயிற்று, நாடே பேசியது. எம்.பி.க்கு நடந்ததால் பேசியது. சாயல்குடியிலிருந்து வருகிறவருக்கு யார் விசாரணை வைப்பார்கள்?

விமான நிலையத்தை எப்படிப் படிக்கவேண்டும் என்பதற்கு நல்ல உதாரணமும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். 2009-இல் ஹீத்ரோவை நடத்தும் கம்பெனியே எழுத்தாளர் அலென் டி பாட்டனை அழைத்து, ஐந்தாம் முனையத்தில் மேசை போட்டு உட்காரவைத்தது. ஒரு வாரம் இருந்து அழகான ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஷூவுக்குப் பாலிஷ் போடுபவர் வரை பேசியிருக்கிறார். இருந்தாலும் விருந்தாளியின் எழுத்து விருந்தாளியின் எழுத்துதான். அதே ஹீத்ரோவில் 2005 ஆகஸ்டில் வேறொன்று நடந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரித்துக் கொடுத்த கேட் கூர்மே கம்பெனி சுமார் 670 பேரை ஒரே அடியாக வேலையைவிட்டு நீக்கியது. அவர்களில் பெரும்பாலோர் சவுத்ஹால் பகுதியில் வாழ்ந்த பஞ்சாபிப் பெண்கள். அவர்களுக்காக விமான நிலையத் தரைப்பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், ஒரு லட்சம் பயணிகள் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். சாப்பாட்டுத் தட்டில் ரொட்டி வைக்கிற பெண்ணுக்காகப் பெட்டி தூக்குகிறவர் ஏன் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார்? ஒரே ஊர், ஒரே குருத்வாரா, சில வீடுகளில் அவளுடைய கணவரே அவர்தான். ருத் பியர்சன், சுந்தரி அனிதா என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் பெண்களோடு பல ஆண்டுகள் பேசி 2018-இல் நூலாக்கினார்கள். உறவே இல்லாத இடத்தில் இப்படி ஒரு வேலைநிறுத்தம் நடந்திருக்குமா, சொல்லுங்கள்.

நம் பல்கலைக்கழகங்களில் சமூகவியல், மானிடவியல் துறைகள் இருக்கின்றன. ஜல்லிக்கட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மாணவர்களை அனுப்புகிறார்கள். நல்லது. வருடா வருடம் லட்சக்கணக்கான குடும்பங்கள் பிரிகிற, சேர்கிற இடத்துக்கும் நான்கு பேரை அனுப்பட்டும். ஓஜேயைப் படித்துவிட்டு வரட்டும், ஆனால் புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டு வாசலில் நிற்கட்டும். பரந்தூர் பக்கம் ஏகனாபுரத்துக்கும் இரண்டு பேர் போகட்டும். 2022-இல் அங்கே சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்று அறிவித்ததிலிருந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஏரியும் வயலும் உள்ள ஓர் ஊர் இடமில்லா இடமாக மாற்றப்படுவது எப்படி என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதைத் தனியாக எழுதுகிறேன், இங்கே தொடங்கினால் முடியாது.

கடைசியாக, யாரும் படிக்கவே வராத ஒரு வாசலைச் சொல்லிவிடுகிறேன். போனவர்கள் எல்லோரும் பயணிகள் வாசல் வழியாகத் திரும்புவதில்லை. வளைகுடாவில் இறந்தவர்கள் சரக்கு வளாகத்தின் வழியாக வருகிறார்கள். இறப்புச் சான்றிதழ், எம்பாமிங் சான்றிதழ், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து முத்திரை குத்திய பாஸ்போர்ட், ஏர்வே பில். காகிதத்தைப் பொறுத்தவரை அதுவும் ஒரு சரக்கு. சடலத்தை எடைபோட்டுக் கட்டணம் வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அங்கிருந்த நம் ஆட்கள் ஓயாமல் எதிர்த்த பிறகு, 2019-இல்தான் ஏர் இந்தியா நிலையான கட்டணத்துக்கு மாறியது.

நான் வேலை செய்த வளாகத்தில், மருந்துப் பெட்டியும் மோட்டார் உதிரிபாகமும் வரும் அதே வாசலில் குடும்பம் காத்திருக்கும். ஆம்புலன்ஸ்காரர் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு எங்களைப் போன்ற கிளார்க்குகளைத் தேடுவார். சுகாதார அதிகாரியின் கையெழுத்து, சுங்கக் கையெழுத்து, பிறகு கேட் பாஸ். சில சமயம் இரண்டு மணி நேரம், சில சமயம் விடியும்வரை. எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று தமிழில் எழுதிய பலகை ஒன்று வைக்கச் சொல்லி நாங்கள் மனு கொடுத்தோம். பத்து நாற்காலி, தண்ணீர், பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்றும் அதில் எழுதியிருந்தோம். பதில் வந்தது. அந்தப் பகுதி சரக்குக் கையாளுதலுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது, பொதுமக்கள் காத்திருக்கும் இடம் அல்ல என்று.

நான் ஓய்வுபெற்ற நாள் வரை அங்கே இருந்தது ஒரு வேப்பமரமும், சக்கரம் உடைந்து ஓரமாகத் தள்ளப்பட்ட ஒரு சரக்குத் தள்ளுவண்டியும். வருகிற குடும்பங்கள் அந்தத் தள்ளுவண்டியின் மேல்தான் உட்கார்ந்திருப்பார்கள்.